விரிப்பின் மறுமுனை

அந்தச் சலவை நிலையத்தில் பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் மூத்தவள், மறுமுனையில் இளையவள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் குப்பை கொட்டும் ஓரகத்திகள். முகம் கொடுத்துப் பேசிப் பதினோரு வருஷமாகிறது.

அதற்காக வாய் சும்மா இருந்ததா என்ன? எல்லாம் சாடைதான். எத்தனை வெளுத்தாலும் சிலதுக்குக் கறை போகாது என்பாள் இளையவள், விரிப்பைப் பார்த்து. நுரை மட்டும் பொங்குது, அழுக்கெடுக்கத் துப்பில்லை என்பாள் மூத்தவள், சோப்புத் தூளிடம். மடிப்பதற்காக நெருங்கி வருவார்கள், விரல் படாமல் முனைகளை மாற்றிக்கொள்வார்கள், முறைத்தபடியே பின்னால் போவார்கள்.

ஆரம்பித்து வைத்தது மூத்தவள். கரு கலைந்து இளையவள் சுருண்டு கிடந்த அன்று, வாசலுக்குக் குட்டிகளோடு வந்த பூனையிடம், "உனக்கு இருக்கிற கொடுப்பினை இந்த வீட்ல சிலருக்கு இல்ல பாரு" என்றாள். அன்றோடு 'அக்கா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள் இளையவள்.

இப்போது சில நாட்களாகச் சாடைக்குப் பதில் சாடை சரியாக வரவில்லை. வாயை அடைத்துவிட்டோம் என்று இளையவளுக்கு முதலில் ஒரே குதூகலம். பிறகுதான் கவனித்தாள். விரிப்பு தாழ்ந்திருக்கும்போது சொன்னால் சுடச்சுடப் பதில் வருகிறது. உயர்த்தி உதறும்போது சொன்னதெல்லாம் காற்றோடு போகிறது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று விரிப்பை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்காகத் தீட்டி வைத்திருந்ததை வீசினாள்.

"பெத்துப் போட்டியே ரெண்டு, ஒண்ணாவது எட்டிப் பாக்குதா?"

எதிரே தெரிந்த கண்கள் கோபப்படவில்லை. விரிப்புக்குப் பின்னால் இவள் வாயைத் தேடின, கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளை மாதிரி.

 தூங்குகிறவளை அடித்தது போலிருந்தது இளையவளுக்கு.

மத்தியானம் சூப்பர்வைசர் நேராக இவளிடம் வந்தார். போன மாதம்தான் கண் மங்கிய இஸ்திரிக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"உங்க ஓரகத்திக்குக் காது போச்சா? பின்னாடி நின்னு நாலு தடவ கூப்பிட்டேன். கேக்கலன்னா இனிமே வர வேணாம்னு சொல்லிடறேன்."

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். நுனி நாக்கில் தித்தித்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனை வைத்துக்கொண்டு இந்த வேலையும் போனால் மூத்தவள் தெருவில்தான் நிற்பாள். நிற்கட்டுமே. பூனை ஆறுதல் சொல்லட்டும்.

தூரத்தில் மூத்தவள் ஒரு பெரிய விரிப்பை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டே போனது.

"காதா? அடுத்த தெருவுல கரண்டி விழுந்தாலும் அந்தக் காதுக்குக் கேக்கும் சார். இது திமிரு. உடனே திரும்பினா கௌரவம் குறைஞ்சிடுமாம். விடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். இவள் மூத்தவளிடம் போனாள்.

"அக்கா."

இத்தனை வருஷம் கழித்து வந்த வார்த்தை, முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. சுற்றி வந்து எதிரே நின்று, விரிப்பைப் பிடித்துக் கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

மூத்தவள் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்குடி திமிரு? நீ சொன்னத அங்கேருந்து பாத்தேன்."

"உங்களுக்குத்தான். சார் கூப்பிட்டா நான் இந்த முனைய ஒரு தடவ சுண்டுவேன். உடனே திரும்பிப் பாருங்க."

"ரெண்டு தடவ சுண்டினா?"

"திட்டறேன்னு அர்த்தம்."

மூத்தவளின் முகம் இளகவில்லை. அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். இளையவள் மறுமுனையைப் பிடித்ததுதான் தாமதம், கையில் வெடுக் வெடுக்கென்று இரண்டு சுண்டு விழுந்தது.