மன நிம்மதிக்கு மூன்று வருட உத்தரவாதம்

கெய்ரோவில் எங்கள் கடையில் மின்நூல் கருவி வாங்குகிறவர்கள் தலையில் மூன்று வருட உத்தரவாதத்தையும் சேர்த்துக் கட்டுவதுதான் என் வேலை.

இன்ஷிராஹ் மேடம் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. கண் மங்கிவிட்டது. அச்சுப் புத்தகத்தைத் திறந்தால் எறும்புதான் ஊர்கிறதாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் இந்தக் கருவி ஒன்றில்தான் அவரால் படிக்க முடியும். மூன்றாவது வருடம் அது காலையில் சார்ஜ் போட்டால் மதியத்துக்குள் செத்துவிட, உத்தரவாதத்தை நம்பி வந்தார்.

மேலாளர் ஷௌகியின் மேஜைப் பலகையில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி இயக்குநர்' என்றிருக்கும். பாட்டரி தேய்கிற பொருள், உத்தரவாதத்தில் வராது என்றார் அவர். திரை உடைந்தால்? அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. தானாகக் கெட்டால்? இவ்வளவு தரமான கருவி தானாகக் கெடவே கெடாது.

"அப்போ எதுக்குப்பா காசு வாங்கினீங்க?"

"உங்க மன நிம்மதிக்கு, ஹாஜ்ஜா."

"நான் இன்னும் மக்காவுக்கே போகலை. ஹாஜ்ஜான்னு கூப்பிட்டா பாட்டரி ஏறிடுமா?"

ஷௌகி கருவியைப் புரட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். தூசு படாமலிருக்க மேடம் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கவே இல்லை. எங்கள் ஊரில் ரிமோட்டிலிருந்து சோபாவரை அப்படித்தான். உறைக்குள் சூடு தங்கிவிட்டது, இது முறையற்ற பயன்பாடு, உத்தரவாதமே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி, வழியனுப்ப எழுந்தார்.

அவர் எழுந்த நாற்காலி சரசரத்தது. அதற்கும் பிளாஸ்டிக் உறை. மேடம் சுற்றிவந்து அதை ஒரே இழுப்பில் கிழித்துவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வித்தது நிம்மதி. அது கெட்டுப்போச்சு. மாத்திக் குடுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான்."

புதுமணத் தம்பதி ஒன்று உத்தரவாதம் எடுக்கலாமா என்று என்னைக் கேட்டது. பதில் நாற்காலியிலிருந்து வந்தது, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற வகுப்பறைக் குரலில். அடுத்து வந்தவர்களுக்கும் அதே பாடம். அன்று ஒரு உத்தரவாதம்கூட விற்கவில்லை.

சாயங்காலம் ஷௌகி 'சிறப்புக் கருணை' என்று பெயர் சூட்டி, பின்கட்டில் பாட்டரியை மாற்றச் சொன்னார். உத்தரவாதத்துக்கு நாங்கள் வாங்கியதில் பாதிகூட ஆகவில்லை அதன் விலை. இனி இன்னும் பல வருடம் ஓடும். கருணைக்கு நன்றி சொல்லி ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். மேடம் பேனாவைத் தொடவில்லை. கருவியை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கி, அங்கேயே படிக்க ஆரம்பித்தார்.

கடை சாத்தும் நேரம். ஷட்டரைப் பாதி இறக்கி, தொண்டையைக் கனைத்தேன்.

"இரு தம்பி," என்றார் தலை நிமிராமல். "அத்தியாயம் முடியட்டும்."

ஷௌகி நின்றுகொண்டிருந்தார்.