புதன்கிழமை மீட்டிங்

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றால் மருமகளுக்கு ஆபீஸ் மீட்டிங். மூன்று மாதமாக வீட்டில் எல்லோரும் இதை நம்பிக்கொண்டிருந்தார்கள். குறைந்தபட்சம், நம்புகிறார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

உண்மையில் லேப்டாப்பில் வருவது மனநல ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலர் அம்மா. பார்சல் கம்பெனியில் நாற்பது வண்டிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கிற கெட்டிக்காரிக்கு, சொந்த வீட்டு அடுப்பை அணைத்தோமா என்பது மட்டும் ஒருநாளும் உறுதியாகத் தெரியாது. தெருமுனை வரை ஸ்கூட்டரில் போவாள், திரும்பி வந்து பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். இதைப் போய் யாரிடம் சொல்வது? ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், பெண்ணுக்கு மூளை கலங்கிவிட்டதென்று சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிடுவார்கள். அதனால் கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்தப் புதன்கிழமை லேப்டாப்பைத் திறந்து, எல்லாம் தயார் செய்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் வந்தது. கீழே ஸ்கூட்டரைப் பூட்டினோமா?

மூன்று மாடி இறங்கினாள். பூட்டித்தான் இருந்தது. இரண்டாவது மாடி ஏறும்போது, சரியாகப் பார்த்தோமா என்று தோன்றியது. இறங்கினாள். இப்படியே நாலு தடவை. மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறேகால்.

அவள் அறையில், லேப்டாப் முன்னால், மாமனார் உட்கார்ந்திருந்தார்.

முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ரகசியம் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும். ஆளில்லாத அறையிலிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடவும், மருமகளின் மேனேஜர் காத்திருக்கிறாரே என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். வந்தவர் பேச்சை விட்டால்தானே! அந்த அம்மாவுக்கோ தர்மசங்கடம். வாயைத் திறந்தால் மருமகளின் குட்டு உடைந்துவிடும். "ம்", "சொல்லுங்கய்யா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மருமகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தங்கமான பொண்ணு மேடம். வேலையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க. காலையில கிளம்பிட்டு மூணு தடவை திரும்பி வந்து அடுப்பைப் பாக்குறா. பாத்துட்டுப் போகட்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாதுன்னு என் பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவனும் அதுல இருந்து வாயே திறக்குறதில்ல."

மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உங்களுக்கு அவங்க நிலைமை புரியுதாய்யா?" என்றார் கவுன்சிலர் அம்மா மெதுவாக.

மாமனார் குரலை இறக்கினார். அந்த வீட்டில் அது அதிசயம். "புரியாம என்னங்க? ரிட்டயராகி பதினோரு வருஷமாச்சு. இப்பவும் ஏதாவது பஸ் கிளம்புற சத்தம் கேட்டா, படியில யாராவது தொங்குறாங்களான்னு என் கண்ணு தேடும். என் சர்வீஸ்ல ஒருத்தரும் விழுந்ததில்ல. ஆனா அந்தப் பயம் மட்டும் போகவே இல்ல. வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. உள்ளே போனாள்.

"மாமா, இவங்க என் மேனேஜர் இல்ல. என் பயத்துக்காக நான் பேசுற கவுன்சிலர். இத்தனை நாளும் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

மாமனார் அசரவே இல்லை. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"அது பேச்சு நடுவுலயே தெரிஞ்சுபோச்சும்மா. எந்த ஊர் மேனேஜர் கால் மணி நேரம் குறுக்கே பேசாம கேப்பாங்க?"

திரையில் கவுன்சிலர் அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று மாதமாக நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்த பாரம் இறங்கிவிட்டது.

"உன் நேரத்தையும் சேர்த்து நானே பேசித் தீர்த்துட்டேன். நீ உக்காரு" என்று மாமனார் வெளியே போய்க் கதவைச் சாத்தப் போனார்.

"திறந்தே இருக்கட்டும் மாமா" என்றாள்.