கழித்தது போக நூற்று எழுபத்திரண்டு

கணக்கம்மா என்பது சோதனைக்கூடத்துக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். வேதியியல் துறையில் இருபத்தாறு வருடம் இருந்துகொண்டு ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொடாதவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணினியில் கணக்கிடுவதுதான் அவள் வேலை. கையில் கறைபடாமல் சம்பளம் வாங்குகிறாள் என்று அவர்களுக்கு ஒரு புகைச்சல்.

ஆனால் அவள் கட்டுரை ஒன்றுக்கு முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு வாரம் ஓடும் கணக்கை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் குறுக்குவழியைப் பதினெட்டு வருடத்துக்கு முன் எழுதியிருந்தாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதைச் சான்றாகக் காட்டியிருந்தன; சைட்டேஷன் என்பார்கள். பேராசிரியர் பதவிக்கு ஐந்நூறு இருந்தாலே போதும். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

விண்ணப்பத்தில் ஒரு பாழாய்ப்போன கட்டம் இருந்தது. 'உங்கள் ஆய்வைப் பிறர் எப்படிப் பயன்படுத்தினார்கள்? ஐந்து உதாரணம் தருக.' எண்ணிக்கை ஏற ஏறப் பார்த்துப் பூரித்தவள், அந்தக் கட்டுரைகளில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அன்றுவரை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அன்று படித்தாள். முதலாவது இரும்புச் சேர்மம். இரண்டாவது செம்பு. மூன்றாவது நிக்கல். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உலோகம் உள்ள மூலக்கூறுகளுக்கு இந்த வழி உதவாது, விடை தப்பாகும் என்று ஏழாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள். யாரோ ஒரு புண்ணியவான், பலருடைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதும்போது, 'உலோகங்களுக்கும் ஏற்றது' என்று போட்டுவிட்டான். அவனைப் பார்த்து அடுத்தவன் எழுத, அடுத்தவனைப் பார்த்து ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து எண்ணினாள். தப்பாகப் பயன்படுத்தியவை ஆயிரத்து நூற்று நாற்பது.

விஷயத்தைக் கேட்டதும் துறைத்தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க மேடம். ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் மறுப்பு எழுதுங்க, மாநாடே போடுங்க."

"அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் தப்புக் கணக்கு போடுவாங்களோ, சார்."

"தப்பு உங்களுது இல்லயே!"

"பேர் என்னுதாச்சே."

வீட்டில் தம்பியும் அதையேதான் சொன்னான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "நான்கூட எட்டுப் பேர்னு பலகை மாட்டிட்டு வர்றேன்க்கா. பன்னண்டு பேர் ஏறினா நான் என்ன பண்றது?"

"நடுவுல நின்னுபோனா யாரைக் கூப்பிடுவாங்க?"

"என்னைத்தான்."

"போய், பலகை மாட்டினேனேன்னு சொல்லிட்டு வந்துடுவியா?"

தம்பி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நீ பிடிச்ச பிடிய விடமாட்ட. உன்கிட்ட பேசினேன் பாரு."

உலோகங்களுக்குத் தன் முறை உதவாது என்று மறுநாளே ஆய்விதழுக்கு மறுப்பை அனுப்பினாள். விண்ணப்பத்தில் அச்சாகியிருந்த 1312ஐ அடித்து, பக்கத்தில் 172 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து நேர்காணல். தேர்வுக்குழுவுக்குத் தலைமை தாங்க வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். உலோகச் சேர்மங்களில் பெரிய ஆள்.

"இதென்ன, அடிச்சு எழுதியிருக்கீங்க?"

"தப்பா பயன்படுத்தினதைக் கழிச்சுட்டேன் சார்."

"சைட்டேஷன்னா சைட்டேஷன்தான். அதுல நல்லது கெட்டதுன்னு யார் பார்க்கறா?"

"அதான் சார், யாருமே பார்க்கல."

அவர் முகம் கடுகடுத்தது. "நானே உங்க முறையில செம்புக்குப் போட்டிருக்கேன். விடை சரியாத்தான் வந்துச்சு."

"எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?"

"இன்னொருத்தரோட விடையோட."

"அவரும் என் முறையிலதான் போட்டிருப்பார் சார்."

துறைத்தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பேராசிரியர் விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு இது கடைசி வாய்ப்பு. ஆய்விதழுக்கு மறுப்பு அனுப்பியிருக்கீங்களாமே, அதை வாபஸ் வாங்கிட்டு, பழைய எண்ணையே போட்டுக் குடுங்க. பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம்."

அந்தப் பதவி அவளுக்கு வேண்டும். முப்பது வயதிலிருந்து ஆசைப்பட்டது. பேனாவைக் கையில் எடுத்தாள். அதை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"மறுப்பு இன்னிக்குக் காலையில வெளியாயிடுச்சு சார். ஆகாம இருந்தாலும் வாபஸ் வாங்கமாட்டேன்."

பத்து நிமிட வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. எண்ணிக்கை போதாது என்று எழுதிவிட்டார்கள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது கட்டுரைகளுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுவது, ஒன்றைக்கூட விடுவதில்லை என்று முடிவுகட்டினாள். இரண்டு கதவு தள்ளி இன்னும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பேராசிரியரிடமிருந்தே ஆரம்பித்தாள். அவர் மூன்று கட்டுரை எழுதியிருந்தார். மூன்று கடிதம் போனது.