வெர்லா ஸ்கோக்லண்டின் கன்னச் சூடு

நோர்பி ஊரில் வெர்லா ஸ்கோக்லண்டின் கன்னங்களில் ஏறிய சூடு மூன்று குளிர்காலங்களாக இறங்கவில்லை. பக்கத்து வீடுகள் இடுப்பளவு பனிக்குள் நிற்கும்போது அவள் வீட்டுக் கூரை மட்டும் ஈரம்கூட இல்லாமல் இருக்கும். ஜன்னலடியில் புல் பச்சையாக நிற்கும்.

தூண்டில் புழு விற்கும் கடையை ஒட்டி ஜோடி என்ற பெண் தோல் இறுக்கும் நிலையம் ஒன்றைத் திறந்ததில் இது ஆரம்பித்தது. கத்தி கிடையாது, தையல் கிடையாது. முகத்தில் ஜெல்லைத் தடவி, ரேடியோ அலை வரும் கைப்பிடியை வட்டம் வட்டமாக ஓட்டுவாள். அலை தோலுக்கு அடியில் போய்ச் சூடேற்றும். தொய்ந்த சதை மெல்ல இறுகும். ஓரிடத்தில் நிறுத்தினால் கொப்பளித்துவிடும் என்பதால் அவள் கை நிற்கவே நிற்காது. எவ்வளவு சூடு போதும் என்பதைப் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். சுடுகிறது என்றால் குறைப்பாள், சொல்லாவிட்டால் கூட்டுவாள். வேறு ஊர்களில் இந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்தது. நோர்பியில் கால் முறிந்தவர்கூட 'பரவாயில்ல' என்றுதான் சொல்வார். மகள் கல்யாணத்துக்கு முன் தாடையைச் சரிசெய்யப் போன வெர்லாவும் வேறு மாதிரி வளர்ந்தவள் இல்லை.

"சுடுதா வெர்லா?"

"பரவாயில்லம்மா."

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?"

"உனக்குச் சிரமம் இல்லைன்னா ஏத்து."

தாடை அழகாக இறுகியது. கல்யாணப் படங்களில் அவளை மணப்பெண்ணின் அக்கா என்று நினைத்தவர்கள் உண்டு. சூடுதான் அப்படியே நின்றுவிட்டது. ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ரொட்டி மாவைப் பொங்க வைக்க அவள் சமையலறையில் கொண்டுவந்து வைத்தார்கள். தேவாலயத்தில் அவள் உட்காரும் வரிசை முதலில் நிரம்பியது. ஆனால் வீடு ஏரிக்கரையில் இருந்தது. அந்த ஜன்னலுக்கு நேரே ஏரியின் பனிக்கட்டி வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வந்தது. உறைந்த ஏரிமேல் நடந்து மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஒரு வார்த்தை பேசாமல், அடையாளத்துக்கு ஊசியிலைக் கிளைகளை நட்டு, தூரமாக ஒரு சுற்றுவழி அமைத்துக்கொண்டார்கள். அவள் புருஷன் டெல்மர் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு நேர்வழியில், ஏரி நடுவே பனிக்கட்டிமேல் போட்டிருந்த தன் மீன்பிடிக் குடிலுக்குப் போனார். சுற்றிப் போனால் பெண்டாட்டியைக் குறைசொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். "ஐஸ் நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் போய்க் குடில் கதவைத் திறக்கும்வரை வெர்லா ஜன்னலைவிட்டு விலகி, பின்னறையில் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாம் குளிர்காலத்தில், ஒரு பிப்ரவரி மதியம், திரும்பி வரும்போது பனிக்கட்டி உடைந்து டெல்மர் இடுப்புவரை உள்ளே போனார், பிறகு மார்புவரை. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களோடு அவர்கள் தலைவன் கர்ட் வந்தான். வெர்லா கரையிறங்கி ஓடியதும் அவள் காலடியில் பனிக்கட்டி முனகியது.

"வெர்லா, அங்கேயே நில்லுங்க! நீங்க ஒரு அடி வச்சீங்கன்னா எல்லாரும் உள்ளதான்" என்று கத்தினான் கர்ட். அவள் நின்றாள். கர்ட் தண்ணீர்ப் பக்கம் திரும்பினான். "எப்படி இருக்கு டெல்மர்?"

"பரவாயில்ல. அந்த வாளியைப் பாத்துக்கங்க, மீன் கிடக்கு."

ஆட்கள் சிரித்தார்கள். மிதவைப் படகு வரட்டும், அவசரம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். டெல்மரின் விரல்கள் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக விடுபடுவதைக் கரையிலிருந்து வெர்லா பார்த்தாள்.

"அவரு பொய் சொல்றாரு கர்ட்! நானும் அந்த மெஷின்ல வெந்துக்கிட்டே இதையேதான் சொன்னேன். படகாவது மண்ணாவது, இப்பவே இழுடா!"

வெர்லா குரல் உயர்த்தி அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. ஆட்கள் சட்டென்று குப்புறப் படுத்து, ஏணியை நீட்டி, கயிற்றை வீசி இழுத்தார்கள். கரைக்கு வந்தபோது டெல்மருக்குப் பேச்சில்லை; உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலையில் பனியில் சிக்கியிருந்தது.

"மெதுவா வெர்லா. ஒரேயடியா சூடு ஏறினா நெஞ்சு நின்னுடும்" என்றான் கர்ட்.

வெர்லா ஈரச் சட்டையைப் பிரித்து, அவர் மார்பில் கன்னத்தை வைத்து, ஜோடி ஓட்டியது போலவே வட்டம் வட்டமாக ஓட்டினாள், ஓரிடத்திலும் நிறுத்தாமல். "சுடுதா?" என்று கேட்டாள். மறுபடி ஓட்டினாள். "டெல்மர், நிஜத்தைச் சொல்லு. எனக்காக ஒண்ணும் சொல்லாத. சுடுதா?" எல்லாம் முடிந்தது என்று கர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டான். அவள் நிறுத்தவில்லை.

"சுடுது" என்றார் டெல்மர். "ரொம்ப சுடுது, சனியனே."

வெர்லா கன்னத்தை எடுத்துவிட்டு, சத்தமாக அழுதாள்.

சூடு அதற்குப் பிறகும் இறங்கவில்லை. வீட்டுக்கு எதிரே ஏரி இப்போது உறைவதே இல்லை. தெற்கே போக வேண்டிய வாத்துகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. டெல்மர் எல்லாரையும் போலச் சுற்றுவழியில் போகிறார். முழங்கால் வலிக்கிறது, காற்று முகத்தில் அறைகிறது, எல்லாம் உன்னால்தான் என்று வாசலில் நின்று தினமும் குறைசொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார். வெர்லா அதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே வாத்துகளுக்குச் சோளம் இறைக்கிறாள்.