மிச்சத் துணி

இடுப்புப் பெல்ட்டின் ஒட்டுப் பட்டையைப் பிய்த்தபோது எழுந்த சத்தம் பக்கத்து அறை வரைக்கும் போயிருக்கும். மிச்சம் என்று அந்த வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற அவள் அப்படியே நின்று காது கொடுத்தாள். அறைக்கு வெளியே யாரோ பல் தேய்த்துத் துப்பினார்கள், அவ்வளவுதான். இன்னும் ஒரு மாதம் குளிக்கிற நேரம் தவிர இந்தப் பெல்ட்டைக் கழற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். அவள் பெல்ட்டைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் செருகினாள். சுவரில் இருந்தது முகம் பார்க்கிற கண்ணாடி, வயிற்றைக் காட்டாது. அதைக் கழற்றிக் கட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரைக்கும் ஒரு சிவந்த கோடு. தொப்புளைக்கூட விட்டு வைக்கவில்லை. தோலை இழுத்த இழுப்பில் அது பழைய இடத்தில் நிற்காது என்று புதிதாக ஓட்டை போட்டுத் தைத்திருந்தார்கள்.

மிச்சம் என்பது அவள் பெயரில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அப்போது புதிதாக வர ஆரம்பித்து இன்று வரை வாரா வாரம் வருகிற தையல்காரர், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்ன ஒரு பேச்சு அது. "எல்லாம் அளவாத்தான் தச்சிருக்கான் கடவுள். வயித்துல மட்டும் துணிய மிச்சம் விட்டுட்டான்." வெளியே நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சேர்ந்துதான் சிரித்தாள். மறுநாள் அதுவே பேராகிவிட்டது. சிரித்தவர்களுக்கு அது அன்றோடு போயிற்று. இவளுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆள் வந்தாலும் முதலில் விளக்கை அணைப்பாள். பிள்ளை பெற்ற வயிறு, நாற்பதைத் தாண்டிய வயிறு, அது என்ன குற்றமா செய்தது? ஆனாலும் கழுத்தில் கிடந்ததை விற்று அதை வெட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் சொன்னது வேறு. கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம் என்று சொல்லியிருந்தாள். அழகுக்கு வெட்டிக்கொள்கிறேன் என்றால் கை கொட்டிச் சிரிப்பார்கள். கர்ப்பப்பை என்றால் பேச்சு அடங்கிவிடும். பேச்சு அடங்கியதோடு நிற்கவில்லை. முப்பது வயசுக்காரி பல்லழகி, வந்து சேர்ந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகாதவள், தன் போர்வையை எடுத்துக் கையில் திணித்தாள். "ஆஸ்பத்திரில குளிரும்க்கா. வச்சுக்கோங்க." அந்தப் போர்வையை இன்று காலை திருப்பிக் கொடுக்கும்போது மிச்சம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவுப் பிடியில் தொங்கவிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டை நடத்துகிற அக்கா மட்டும் ஏமாறவில்லை. ஊருக்கெல்லாம் பொய் விற்கிறவளிடம் போய்ப் பொய் விற்க முடியுமா? அவள் முதலில் வயிற்றைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தை.

"கர்ப்பப்பைய எடுத்தா கூடவே தொப்பையும் வந்துருமாடி? எனக்குத் தெரியாமப் போச்சே, நானும் படுத்திருப்பேன்."

"உடம்பு இளைச்சிருச்சுக்கா."

"இளைக்கட்டும், இளைக்கட்டும். முன் ரூம உனக்காகத்தான் பூட்டி வச்சிருந்தேன். பூட்டுன ரூம் சோறு போடுமா, நீயே சொல்லு. இன்னிக்கு உன் தையக்காரர் வர்ற நாள். அவர் செருப்பு எப்பவும் போல டீ வர்ற வரைக்கும் கிடந்தா ரூம் உனக்கு. முன்னாடியே கிளம்பிருச்சுன்னா பல்லழகிக்கு, உனக்குப் பின் ரூம். அப்புறம் என்னைத் திட்டாத."

அக்கா எந்தக் கதவையும் தட்டுகிறவள் இல்லை. வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே எவளுக்கு மவுசு, எவளுக்கு இல்லை என்று கணக்குத் தீர்த்துவிடுவாள். முன் அறைக்கு ஜன்னல் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. பின் அறைக்கு இரண்டும் கிடையாது. பின் அறைக்குப் போனவர்கள் அங்கிருந்து தெருவுக்குத்தான் போனார்கள், ஒருத்தியும் திரும்பி முன்னால் வந்ததில்லை. மிச்சம் படுத்திருந்த மாதங்களில் வாடிக்கை எல்லாம் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டது. பாக்கி இருந்தது தையல்காரர் ஒருவர்தான்.

அவர் வந்தார். சட்டை முழுக்க நூல் ஒட்டியிருந்தது. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார்.

"நீ இல்லாம என் மத்தியானத் தூக்கமே போச்சும்மா. கர்ப்பப்பை எடுத்தாங்களாமே? கூட இருந்து பாத்துக்க ஆள் இருந்துச்சா?"

"இருந்தாங்க" என்றாள். ஒருத்தரும் இல்லை.

திரையை இழுத்துவிட்டு, அவளுக்குப் பிடிக்கும் என்று அவரே பழக்கதோஷத்தில் விளக்கு சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"எரியட்டும்" என்றாள். இந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அத்தனை நாளும் சொல்லிப் பார்த்திருந்தாள்.

அவருக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. பக்கத்தில் படுத்து, அவள் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசித் தூங்கிப்போவார். அதற்கும் ஒரு தொழில் பக்குவம் இருக்கிறது. ஆளின் கை எங்கே போகிறதோ அங்கே இவள் மூச்சும் போக வேண்டும். அவர் கையை வைக்கிறதைக் கண்ணால் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் போல ஒரு பெருமூச்சு விட்டாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்து இன்னொன்று. மூன்றாவதை ஆரம்பித்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நான் கைய எடுத்து நேரமாச்சு."

கண்ணைத் திறந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மூக்குக்கண்ணாடியைப் படுக்கை விரிப்பின் நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

குளிக்கும்போது சுடுதண்ணீர் அந்த இடத்தில் விழுந்தால் தெரியாது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். உணர்ச்சி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றிருந்தார் டாக்டர். தோல் மரத்துப்போனால் போகட்டும், யாருக்கு நஷ்டம் என்று நினைத்திருந்தாள். இப்போது காது மடல் வரைக்கும் சுட்டது. முழுசாகத் துணியை அவிழ்த்த எந்த நாளிலும் இப்படிக் கூசியதில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கடைக்கு யாரோ கொண்டுவந்த துணியைப் பார்க்கிற மாதிரி, கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார்.

"இது உள்ள இருந்து எதையோ எடுத்த தையல் இல்லையே. மேல இழுத்து வெட்டித் தச்சிருக்கு. தொப்புள் பழைய இடத்துல இல்ல. ஏம்மா, யாரு உன்னை இதப் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா?"

அவள் சொன்னாள். கடவுள், அளவு, வயிறு, துணி, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பதைக்கூடச் சொன்னாள். அவர் யோசித்தார். பொய்க்கு யோசிக்கிற ஆள் இல்லை, நிஜமாகவே தேடிப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லம்மா. சும்மா ஏதாவது உளறியிருப்பேன். கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அப்படித்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டிருப்பேன்." அவளை நிமிர்ந்து பார்த்து, "அதனாலதான் உன்னை மிச்சம்னு கூப்பிடறாங்களா? நான் அது உன் பேருன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் கட்டிலைவிட்டு இறங்கி, ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். மிச்சம் கதவுக்கு அடியில் பார்த்தாள். இடுக்கு வழியாக அவர் செருப்பின் குதிகால் தெரிந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, ஆள் எப்போது எழுந்து போவான் என்று காத்துக் கிடந்திருக்கிறாளே தவிர, யாரையும் இருக்கச் சொன்னதில்லை.

"கொஞ்சம் படுத்திருங்க" என்றாள். "ஒண்ணும் வேணாம். டீ வர்ற வரைக்கும். உங்க செருப்பு வெளிய கிடக்கணும்."

"செருப்பா?"

"அக்கா பாக்கும்."

அவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். பிறகு நுழைத்த கையை உருவிச் சட்டையை ஆணியில் மாட்டினார். விளக்கை அவரே அணைத்தார். அவளுக்காக அணைத்தாரா, தன் கண்ணுக்கு அந்தக் கோடு தெரிய வேண்டாம் என்று அணைத்தாரா? கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. கனத்த திரை, அறை நன்றாக இருட்டிவிட்டது. கட்டில் அவர் பக்கம் அமுங்கியது. வெளியே அக்காவின் காலடி வந்தது, கதவருகே நின்றது, பிறகு நகர்ந்தது.

"இங்க கை வச்சா தெரியுதா?" என்றார் இருட்டில்.

"தெரியுது" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு நீண்டு குறட்டையாக மாறியது. மிச்சம் அசையாமல் கிடந்தாள். வயிற்றின்மேல் அவர் கை இருக்கிறதா இல்லையா? தன் கையை மெதுவாகக் கீழே நகர்த்தினாள். நெஞ்சைத் தாண்டி, விலா எலும்பைத் தாண்டி, விரலுக்குக் கீழே தோல் அவளுடையதாக இருக்கிற கடைசி இடம் வரைக்கும் வந்து, அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.