அரிசி நிலாவில் ஒரு கரண்டி

ராய்ஸ் படகைக் கரையில் ஒதுக்க, மைத்துனன் டெல்மர் அதைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளினான்.

"இறங்காத மாப்ள. உள்ள என்ன?"

"அரிசி."

இரண்டு கை அளவுதான் இருக்கும். ஏரியில் தானாக விளைகிற காட்டரிசி. ராய்ஸ் விடிந்ததும் தனியாகப் போய்த் தட்டி உதிர்த்துக்கொண்டு வந்திருந்தான். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோன தன் மனைவி டானிஸின் கையில் வைத்து அனுப்புவதற்கு. அரிசி விளையுற மாசத்து நிலா, அரிசி நிலா, நிறையப்போகுது, ஒரு காத்து அடிச்சா எல்லாம் தண்ணியில போயிடும், போய் எடுத்துட்டு வா என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை.

"எழவு விழுந்த வீட்டுக்காரன் அரிசிக்குள்ள இறங்கக் கூடாது. ஏரி மொத்தமும் உதிர்ந்துடும். ஊரே இதை நம்பித்தான் கிடக்கு."

"எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்? சோளக்காரன். உங்க ஒனைடா இனத்துல இது சோள நிலா. பெட்ரோல் பங்க் காலண்டர்ல அறுவடை நிலா. நீதான் படிச்சவனாச்சே, எல்லாப் பேரும் வரிசையாச் சொல்லுவ. செய்யவேண்டியது ஒண்ணும் தெரியாது."

டெல்மர் படகைக் கவிழ்த்தான். அக்காவுக்கென்று வந்த அரிசி அது என்று தெரிந்துதான் கவிழ்த்தான். உமி கொஞ்ச நேரம் மிதந்தது. ராய்ஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு முற்றத்தில் டானிஸ் போகும் வழிக்கு வெளிச்சமாக மூட்டிய நெருப்பு எரிந்தது. ஈரக் காற்சட்டையோடு ராய்ஸ் வந்து நின்றான். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

"சொல்லிட்டேம்மா," என்றான் டெல்மர். "நெருப்புக்கிட்ட இவன் வேண்டாம். பெட்டி மூடுறப்பவும் வேண்டாம்."

ராய்ஸின் மாமியார் வெர்னா நிமிர்ந்து பார்க்கவில்லை.

துக்கக்காரர்களுக்கு ஊட்டும் நேரம் வந்தது. வேறொருவர் கையால் அரிசி வாங்கித் தின்ற பிறகுதான் அவர்கள் மறுபடி அரிசியைத் தொடலாம். பக்கத்து வீட்டு கோர்டீலியா போன வருஷத்து அரிசியை வேகவைத்துக் கொண்டுவந்து வெர்னாவுக்கு ஒரு கரண்டி ஊட்டினாள். ஊட்டப்பட்டவள் அடுத்தவருக்கு ஊட்டலாம். வெர்னா மகனுக்கு ஊட்டினாள். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

ராய்ஸ் நெருப்புக்கு அந்தப்பக்கம் நின்றான். கேட்கத் தோன்றியது. கண் கிண்ணத்தின் மேலேயே இருந்தது.

"அவனுக்கு?" என்றாள் கோர்டீலியா.

"இவனுக்கு எதுக்கு?" என்றான் டெல்மர். "நாளைக்கே அவன் ஊருக்குக் கார் ஏறிடுவான்."

"நீ சும்மா இரு. ஏரியில இறங்கிட்டு வந்திருக்கான். ஊட்டாம விட்டா யாருக்கு நஷ்டம்?" வெர்னா கிண்ணத்தோடு எழுந்து வந்தாள். "உனக்காகன்னு நினைச்சுக்காத. ஏரிக்காக."

"சரி அத்தை."

"அத்தைன்னு கூப்பிடாத. எம்பொண்ண டவுன் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வச்ச. வெள்ளைச் சுவத்தைப் பாத்துக்கிட்டே செத்தா."

அவள் கரண்டியில் அரிசியை அள்ளினாள்.

"வாயைத் திற."

கரண்டி பல்லில் இடித்தது. அரிசி ஆறிப்போயிருந்தது. அவன் அதை வாயிலேயே வைத்திருந்தான்.

"முழுங்கு," என்றாள்.

அவன் முழுங்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு ஊட்டுகிறவர்களைப்போல அவள் வாயும் கொஞ்சம் திறந்திருந்தது.