பரிஸில் கத்திய ஆடு

அக்கா ஆபிரிக்காவுக்குப் போய் ஏழு மாதமாகிறது. மொன்றியலில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்: அம்மாவும் நானும். மற்ற எல்லோருக்கும் அவள் பரிஸில் இருக்கிறாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வர எங்கள் ஆட்கள் எத்தனை நாடு சுற்றினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி வந்து சேர்ந்த ஒரு பிள்ளை நேர்ஸ் படிப்பை முடித்து, கனடாப் பாஸ்போர்ட்டும் எடுத்து, தானாகவே விமானம் ஏறி மாலி நாட்டில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள் என்று கோயிலில் எப்படிச் சொல்வது?

"ஆர் துரத்தினது எண்டு கேப்பினம்," என்றாள் அம்மா.

அக்காவின் விமானம் போகிற வழியில் பரிஸில் நான்கு மணித்தியாலம் நின்றது. அம்மாவைப் பொறுத்தவரை துஷாந்தினி அங்கேயே இறங்கிவிட்டாள்.

இதெல்லாம் சிக்கலில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட்டிலிருந்து சம்பந்தம் வரும்வரை. மாப்பிள்ளை கணினிப் பொறியியலாளர். சொந்த வீடு, இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ். அவருடைய தகப்பனை எல்லோரும் லண்டன் யோகேந்திரன் என்பார்கள். கனடாவுக்கு வரமுதல் ஏழு வருடம் லண்டனில் படிப்பித்தவராம். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தால் பாலைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அவருடைய மனைவி ஒருநாளும் லண்டனில் இருந்ததில்லை. ஆனாலும் அவர் லண்டன் மாமிதான்.

மாமி தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டார். பிள்ளை என்ன நிறம்? எப்போது திரும்பி வரும்? அம்மா முதலாவதற்கு "நல்ல பொது நிறம்" என்றும் இரண்டாவதற்கு "கோடைக்கு" என்றும் சொன்னாள். படம் பார்த்தாயிற்று, குரலையும் ஒருக்காக் கேட்டால் நல்லது என்றார் மாமி. ஊரிலிருக்கும் சொந்தங்களுக்கு நாங்கள் எல்லோரும் கசற்றில் பேசி அனுப்புகிறவர்கள்தானே. ஆகவே பெண் பார்ப்பதையும் கசற்றில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அம்மா தொலைபேசி அட்டை வாங்கி ஆஸ்பத்திரிக்கு எடுத்தாள்.

"நான் பொய் சொல்ல மாட்டன், அம்மா," என்றாள் அக்கா.

"ஆர் உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? நாட்டின்ர பேரைச் சொல்லாதை. அவ்வளவுதான்."

மூன்று கிழமையில் கசற் வந்தது. ஏ பக்கத்தில் 'எல்லோருக்கும்' என்றும் பி பக்கத்தில் 'தங்கச்சிக்கு மட்டும்' என்றும் எழுதியிருந்தது. அது எனக்கான பிரெஞ்சுப் பாடம் என்று அம்மாவுக்குச் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். அவள் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.

அம்மா வேலைக்குப் போன பிறகு அதைப் போட்டுக் கேட்டேன். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டாளாம். கோடைக்கு வரமாட்டாள். கலியாணமும் வேண்டாம். "அந்த ஆக்கள் வரமுதல் நீ அம்மாட்ட ஆறுதலாய்ச் சொல்லு," என்றாள்.

என்னை நம்பி இதை எப்படிச் சொன்னாளோ. தெருமுனை டெப்பனர் கடையில் பால் பை எங்கே என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது. கண்ணில் படாவிட்டால் அன்று வீட்டில் வெறும் தேத்தண்ணிதான். பத்து நாள் குசினி வாசலில் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் அம்மா வெங்காயத்தையும் கத்தியையும் என் கையில் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வந்துவிட்டார்கள்.

அதற்கென்றே அம்மா ஒரு புதிய கசற் செற் வாங்கியிருந்தாள். கடைக்காரன் அதைப் பற்றிப் பிரெஞ்சில் நெடுக விளக்கினான். அம்மா எல்லாவற்றுக்கும் "வுய், வுய்" என்று தலையாட்டினாள். கசற்றைத் திருப்பிப் போடத் தேவையில்லை, ஒரு பக்கம் முடிந்தால் மற்றப் பக்கம் தானாகவே பாடும் என்று அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் விளங்கியது. அம்மா என்னைச் செற்றுக்குப் பக்கத்தில் இருத்தி, "அக்கா கதைச்சு முடிய நிப்பாட்டு," என்றாள்.

அக்காவின் குரல் வந்தது. சுகமாயிருக்கிறாளாம். இங்கே எல்லோரும் பிரெஞ்சு கதைக்கினமாம். காலையில் நீட்டுப் பாண் சூடாக வாங்கலாமாம். வெயில்தான் கொஞ்சம் கூடவாம். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. லண்டன் மாமி தலையாட்டிக்கொண்டே பற்றிஸைக் கடித்தார்.

அப்போது ஆடு கத்தியது.

மாமி மெல்லுவதை நிறுத்தினார். "என்ன சிவமலர், ஆட்டுச் சத்தம் கேக்குது?"

"அங்க சீஸ் செய்யிறதுக்கு வீட்டிலயே ஆடு வளக்கினம்," என்றாள் அம்மா.

"பரிஸிலயோ?"

"ஓம். இப்ப அதுதான் அங்க நாகரிகம்."

"பிள்ளை எத்தினையாம் மாடியில இருக்குது?"

"மூண்டாம் மாடி."

மாமி கொஞ்ச நேரம் மூன்றாம் மாடியையும் ஆட்டையும் யோசித்தார். ஆடு இன்னொரு முறை கத்தியது. அதற்குப் பின்னால் 'டும், டும்' என்று ஒரு சத்தம் தொடங்கியது. மேல் வீட்டில் திருத்த வேலை நடக்கிறது என்று, ஒருவரும் கேட்காமலே அம்மா சொன்னாள். லண்டன் யோகேந்திரன் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய விரல் முழங்காலில் அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட்டது.

"சரி, எல்லாருக்கும் என்ர அன்பு," என்று அக்கா முடித்தாள். பிறகு இரைச்சல் மட்டும். 'டக்' என்று செற்றுக்குள் ஏதோ திரும்பியது.

என் விரல் பொத்தானில்தான் இருந்தது. அழுத்தினால் ஆடு மட்டும்தான் பிழை. மற்றதெல்லாம் சரியாகிவிடும். பிறகு இரவுக்கோ நாளைக்கோ என் வாயால் நான் சொல்ல வேண்டும். குசினி வாசலை நினைத்துப் பார்த்தேன். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, உனக்குத்தான் உண்மையைச் சொல்லுறன்," என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்க. "முதல் மாசம் ஒவ்வொரு நாளும் அழுதனான். தண்ணி அள்ளத் தெரியாது, அடுப்பு மூட்டத் தெரியாது. நான் வாளி தூக்கிற வடிவைப் பாக்கப் பக்கத்து வீட்டுப் பெண்டுகள் கதிரை போட்டு இருப்பினம். காய்ச்சல் வந்து கிடந்தபோது அவைதான் கஞ்சி பருக்கினது. இப்ப எனக்கும் ஒரு கதிரை தந்திருக்கினம். புதுசா ஆரும் வந்தால் நானும் இருந்து பாப்பன். ஒரு பகிடி சொல்லட்டோ? மொன்றியலில பத்து வருஷமாய் நான் கறுப்பி. ஆபிரிக்காவுக்கு வந்தால் சின்னப் பிள்ளையள் 'துபாபு, துபாபு' எண்டு பின்னால ஓடி வருதுகள். வெள்ளைக்காரியாம்."

"நிப்பாட்டு," என்றாள் அம்மா.

"இருங்கோ," என்றார் லண்டன் யோகேந்திரன்.

அக்கா இரண்டு வருடத்தையும் கையெழுத்தையும் சொன்னாள். புரோசார்ட் ஆட்களைக் காக்க வைக்க வேண்டாம் என்றாள். அவளுக்குப் பின்னால் 'டும், டும்' நிற்கவேயில்லை.

"உது திருத்த வேலை இல்லை," என்றார் அவர். "ரெண்டு பேர் ஒரே உரலில கம்பு இடிக்கினம். உலக்கையை மேல விட்டிட்டு ஒருக்காக் கையைத் தட்டிப்போட்டுத் திரும்பப் பிடிப்பினம். கேட்டீங்களே, கைதட்டுற சத்தம்?"

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?" என்றார் மாமி. அது கேள்வி இல்லை, எச்சரிக்கை.

"ஏழு வருஷம் விடிய விடியக் கேட்டனான்."

"லண்டனில," என்றார் மாமி.

"லண்டனில ஏதப்பா உரல்? அங்க ஒரு நாள் பிளேன் மாறினனான். மிச்சமெல்லாம் நைஜீரியாதானே."

ஆடு திரும்பவும் கத்தியது. பிறகு மாமி எழுந்து குளிர்ச்சட்டையைப் போட்டார். சாதகத்தை இன்னொருக்கால் பார்க்க வேண்டும், பேந்து தொலைபேசி எடுக்கிறோம் என்றார். லண்டன் யோகேந்திரன் சப்பாத்துப் போட வெகு நேரம் எடுத்தார். கசற் முடிந்த பிறகுதான் அவருடைய இரண்டாவது சப்பாத்தும் காலில் ஏறியது.

அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வந்து, "உனக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். "சொல்லியிருக்கலாமே," என்றாள். வெங்காயத்தை அவளே உரித்தாள்.

வியாழக்கிழமை லண்டன் யோகேந்திரன் தொலைபேசியில் வந்தார். கசற்றைப் பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். "பி பக்கம் மட்டும் காணும், பிள்ளை," என்றார். பின்னால் மாமி, ஆரோட கதைக்கிறியள் என்று கேட்டதும் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு மாமி வழக்கம்போல, "துஷாந்தினி பரிஸில எப்பிடி?" என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அவள் இப்ப ஆபிரிக்காவில. பெரிய வேலை," என்றாள். "அங்க சனம் அவளை வெள்ளைக்காரி எண்டுதான் கூப்பிடுதாம்."

அந்த மாமி நம்பவில்லை. "உண்மையோ?" என்று என் பக்கம் திரும்பினார். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"ஓம் மாமி," என்றேன். "கசற்றில இருக்கு."